பந்தக்கால் ஊன்றும் நொதி: சிடிகே4-உம் புற்றுநோயும்

நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாளுக்கொரு முறை உதிர்ந்து புதுச் செல்களுக்கு இடம் விடுகின்றன. கல்லீரல் செல்லோ மாதக்கணக்கில் சும்மா இருக்கும். கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் விழித்துக்கொண்டு பெருகும், பழைய அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். மூளையின் நரம்புச் செல்களில் பெரும்பாலானவை பிறந்தபின் ஒருமுறைகூடப் பிரிவதில்லை. இத்தனைக்கும் இவை எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை, ஒரே டி.என்.ஏ.வோடு உருவானவை. எது பிரியலாம், எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் வாசலில் நிற்கும் நொதிதான் சிடிகே4.

புற்றுநோய் என்றால் "செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். எந்தக் கட்டுப்பாடு, அது எந்த இடத்தில் அறுந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரே மாத்திரை ஒருவருக்கு ஏன் பலன் தருகிறது, இன்னொருவருக்கு ஏன் தரவில்லை என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஒரு சுற்று, 24 மணி நேரம்

செல் இரண்டாவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைக்குச் செல் சுழற்சி என்று பெயர். ஆய்வகத் தட்டில் வளரும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். முதல் 11 மணி நேரம் ஜி1: செல் பருக்கிறது, புரதங்களைச் சேர்த்துக்கொள்கிறது, வெளியிலிருந்து வரும் சேதிகளைக் கவனிக்கிறது. அடுத்த 8 மணி நேரம் எஸ்: 46 குரோமோசோம்களிலும் உள்ள 600 கோடிக்கு மேற்பட்ட டி.என்.ஏ. எழுத்துகள் நகலெடுக்கப்படுகின்றன. பிறகு 4 மணி நேரம் ஜி2, நகல் சரியாக வந்திருக்கிறதா என்ற சரிபார்ப்பு. கடைசி ஒரு மணி நேரம் எம்: குரோமோசோம்கள் இரு பக்கமும் இழுக்கப்பட்டுச் செல் இரண்டாகப் பிரிகிறது. பிரிய வேண்டிய தேவை இல்லாத செல், ஜி1-இலிருந்து விலகி ஜி0 என்ற ஓய்வு நிலைக்குப் போய்விடும். வளர்ந்தவர் உடலின் செல்களில் பெரும்பாலானவை இந்த நிமிடம் அங்கேதான் இருக்கின்றன.

இந்த நான்கில் செல்லுக்குச் செல் மிகவும் மாறுபடுவது ஜி1-இன் நீளம். முடிவெடுக்கும் இடம் அது. வளர்ப்புத் திரவத்திலிருந்து சீரத்தை (வளர்ச்சிச் சேதிகளைத் தரும் ரத்த நீரை) எடுத்துவிட்டால், ஜி1-இன் முற்பகுதியில் இருக்கும் செல்கள் அப்படியே நின்று ஓய்வுக்குத் திரும்பிவிடும். ஆனால் ஜி1-இன் பிற்பகுதியில் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டிவிட்ட செல்கள், சீரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றை முடித்தே தீரும். இப்படியொரு புள்ளி உண்டு என்று 1974-இல் எடுத்துச் சொன்னவர் ஆர்தர் பார்டி. கல்யாண வீட்டில் பந்தக்கால் ஊன்றும்வரை ஆயிரம் பேச்சு நடக்கும், ஊன்றியபின் பின்வாங்குவதில்லை. செல்லின் பந்தக்கால் இந்தப் புள்ளி. அதை ஊன்றும் வேலையைத் தொடங்கிவைப்பது சிடிகே4-உம் அதன் உடன்பிறப்பான சிடிகே6-உம்.

நொதி என்ன செய்கிறது

சிடிகே4 ஒரு கைனேஸ். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறில் வரிசையாக மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. கடைசியாக இருப்பதைப் பிடுங்கி வேறொரு புரதத்தின் மேல் ஒட்டவைக்கும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. அது வந்து ஒட்டியதும் புரதத்தின் வடிவம் மாறும், யாரோடு சேரும், யாரை விட்டு விலகும் என்பதும் மாறும். மனிதச் செல்களில் 500-க்கு மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் 20 அளவில் சிடிகே குடும்பம். எல்லாமே செல் சுழற்சியை நடத்துவதில்லை; சிடிகே9 போன்றவை மரபணுக்களைப் படித்தெடுக்கும் வேலையில் இருக்கின்றன. இந்த வித்தியாசம் பின்னால் மருந்து விஷயத்தில் முக்கியமாக வரும்.

சிடிகே4 என்பது 303 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். தனியாக விட்டால் அதனால் எதுவும் ஆகாது. சைக்ளின் டி என்ற புரதம் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது போதாதென்று, சிடிகே4-இன் மேல் 172-வது இடத்தில் இருக்கும் அமினோ அமிலத்தில் சிடிகே7 ஒரு பாஸ்பேட்டை வைக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் நொதி வேலை செய்யும். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதைப் போல.

இதில் சிடிகே7 பெரும்பாலும் தயாராகவே இருக்கும். நிலைமைக்கேற்ப மாறுவது சைக்ளின் டி-தான். வளர்ச்சிச் சேதி வந்தால் செல் அதைத் தயாரிக்கும், சேதி நின்றால் தயாரிப்பும் நிற்கும். ஏற்கனவே தயாரானது சுமார் அரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இது வீண் செலவுபோலத் தோன்றலாம். ஆனால் சேதி வந்துகொண்டே இருக்கிறதா என்று இந்த நிமிடத்து நிலவரத்தைச் செல் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. மார்பகச் செல்லில் சைக்ளின் டி-யின் ஒரு வகையான சைக்ளின் டி1-ஐத் தயாரிக்கச் சொல்லும் முக்கியமான சேதிகளில் ஒன்று ஈஸ்ட்ரோஜன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி உயிர்பெற்ற சிடிகே4 யார்மேல் பாஸ்பேட்டை வைக்கிறது? ஆர்பி என்ற 928 அமினோ அமிலப் புரதத்தின் மேல். ஓய்விலிருக்கும் செல்லில், டி.என்.ஏ. நகலெடுப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கும் இ2எஃப் என்ற புரதத்தை ஆர்பி இறுகப் பிடித்து வைத்திருக்கும். சிடிகே4 ஆர்பி மேல் பாஸ்பேட் வைக்க ஆரம்பித்ததும் பிடி தளரும். விடுபட்ட இ2எஃப் இயக்கும் மரபணுக்களில் ஒன்று சைக்ளின் இ. அது சிடிகே2-உடன் சேர்ந்து அதே ஆர்பி மேல் இன்னும் பல இடங்களில் பாஸ்பேட் வைக்கும். இன்னும் இ2எஃப் விடுபடும், இன்னும் சைக்ளின் இ உருவாகும். இந்தச் சுழல் ஒருமுறை சூடுபிடித்துவிட்டால் சைக்ளின் டி இல்லாவிட்டாலும் தானாகவே ஓடும். பார்டி சொன்ன திரும்பிவர முடியாத புள்ளியின் வேதியியல் இதுதான்.

தடுப்பவர்களும் இருக்கிறார்கள். பி16 என்ற சின்னஞ்சிறு புரதம் சிடிகே4-ஐ ஒரு பக்கமாகப் பற்றி அதன் வடிவத்தைத் திருகிவிடும், சைக்ளின் டி வந்து ஒட்ட முடியாது. இதை 1993-இல் கண்டுபிடித்தவர்கள் மானுவல் செர்ரானோ, கிரெகரி ஹானன், டேவிட் பீச். இன்னொருவர் பி21. டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால் பி53 என்ற புரதம் பி21-ஐத் தயாரிக்கச் சொல்லும், பி21 முக்கியமாகச் சிடிகே2-ஐப் பிடித்து நிறுத்தும், பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும்.

பி16 வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உடம்பிலுள்ள மச்சத்தைப் பாருங்கள். அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று பலன் சொல்லப்படும் அந்தக் கருப்புப் புள்ளி, நிறமிச் செல்கள் ஓரிடத்தில் பெருகிப் பிறகு நின்றுபோனதன் அடையாளம். பெரும்பாலான மச்சங்களில் பிராஃப் என்ற மரபணு பழுதாகி, "பிரி, பிரி" என்ற சேதியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் மச்சம் மிளகளவோடு நின்றுவிடுகிறது. அந்தச் செல்களில் பி16 குவிந்து கதவைச் சாத்திவிடுவது அதற்கு ஒரு காரணம்.

ஈஸ்ட்டும் கடல் முள்ளெலியும்

இதெல்லாம் மனித உடலை ஆராய்ந்து கிடைத்த அறிவு அல்ல. லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்டில் செல் சுழற்சி நின்றுபோகும் திரிபுகளைத் தேடினார். பால் நர்ஸ் வேறொரு வகை ஈஸ்ட்டில், உரிய அளவுக்கு வளராமலேயே அவசரப்பட்டுப் பிரியும் குட்டிச் செல்களைக் கண்டார். டிம் ஹன்ட் 1982-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவின்போதும் மறைந்து மறுபடி சேர்கிற ஒரு புரதத்தைப் பார்த்து அதற்குச் சைக்ளின் என்று பெயர் வைத்தார். 1987-இல் நர்ஸின் குழு, சிடிகே பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்தியபோது, அவற்றில் ஒன்றைப் பெற்ற ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. நூறு கோடி ஆண்டுக்கு முன்பே கிளை பிரிந்த இரு உயிரினங்களில் பாகம் மாற்றிப் போட்டாலும் இயந்திரம் ஓடுகிறது! மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கே அறுகிறது

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. புற்றுநோயில் சிடிகே4 நொதியே கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அரிது. நொதி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி இருப்பவை கெட்டுவிடுகின்றன.

முதல் வகை, சைக்ளின் டி மிகுதி. மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் சைக்ளின் டி1 அளவுக்கு மீறி இருக்கிறது. சிலவற்றில் 11-வது குரோமோசோமில் உள்ள அதன் மரபணுவே பல நகல்களாகப் பெருகியிருக்கும். மேன்டில் செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் வேறொரு விபத்து: 11-வது, 14-வது குரோமோசோம்கள் அறுந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் சைக்ளின் டி1 மரபணு, எதிர்ப்பொருள் தயாரிக்கும் மரபணுவின் பக்கத்தில் போய் உட்காருகிறது. எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளணுவான பி செல்லில் அந்த வட்டாரம் ஓயாமல் இயங்குவது. பக்கத்தில் குடிவந்த சைக்ளின் டி1-உம் ஓயாமல் உருவாகிறது. நோயை உறுதிசெய்யப் பத்தாலஜி நிபுணர்கள் தேடுவதும் இந்த இடமாற்றத்தைத்தான்.

இரண்டாவது, பி16-ஐ இழப்பது. கணையப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பி16 செயலிழந்திருக்கும். மரபணு அழிந்துபோயிருக்கலாம், அல்லது அழியாமலே மெத்தில் குழுக்கள் ஒட்டி வாயடைக்கப்பட்டிருக்கலாம். பழுதான பி16 மரபணுவோடு பிறக்கும் குடும்பங்களில் மெலனோமா என்ற தோல் புற்று தலைமுறை தலைமுறையாக வருகிறது. சிடிகே4 நொதியே மாறிப்போகும் அரிய நிகழ்வும் இங்கேதான் தெரியவந்தது. சில மெலனோமாக்களில் அதன் 24-வது அமினோ அமிலமான ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறியிருந்தது. நொதியின் வேலைத்திறன் அப்படியே இருந்தது, பி16 பிடிக்கும் இடம் மட்டும் வழுக்கலாகிவிட்டது. பி16 இல்லாததும் பி16-க்குப் பிடிபடாததும் முடிவில் ஒன்றுதான்.

மூன்றாவது, சிடிகே4 மரபணுவே நகல் நகலாகப் பெருகுவது. கொழுப்புத் திசுவில் வரும் லைப்போசார்கோமாவின் இரண்டு முக்கிய வகைகளில் இது 10-இல் 9 பேருக்கு மேல் காணப்படுகிறது. சாதாரணக் கொழுப்புக் கட்டியா, புற்றா என்று குழப்பம் வந்தால் இந்த நகல்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

நான்காவது, ஆர்பி-யே இல்லாமல் போவது. இது மற்ற மூன்றைப் போன்றதல்ல. மற்றவற்றில் ஆர்பி என்ற கதவு இருக்கிறது, திறப்பவர்கள் அத்துமீறுகிறார்கள். இதில் கதவே இல்லை. ஆர்பி என்ற பெயரே ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் விழித்திரைப் புற்றிலிருந்து வந்தது. 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, இந்நோய் வர இரண்டு அடி விழ வேண்டும் என்றார். தாயிடமிருந்து வந்த பிரதி ஒன்று, தந்தையிடமிருந்து வந்த பிரதி ஒன்று, இரண்டும் கெட வேண்டும். ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறக்கும் குழந்தைக்கு இன்னொரு அடி போதும், அதனால் நோய் சீக்கிரமே, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாக மினுங்கினால் கண் மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்வது இதனால்தான். வெள்ளைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் காத்திருந்து பார்க்கக் கூடாத அறிகுறி அது.

கருப்பைவாய்ப் புற்றில் ஆர்பி மரபணு நன்றாகவே இருக்கும். ஆனால் எச்.பி.வி. என்ற மனித பாப்பிலோமா வைரஸ் தயாரிக்கும் இ7 என்ற புரதம் ஆர்பி-யைப் பிடித்து முடக்கிவிடும். அங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. ஆர்பி முடங்கியதும் பி16 எக்கச்சக்கமாகக் கூடுகிறது. "நிறுத்து, நிறுத்து" என்று செல் கத்துகிறது, ஆனால் அந்தக் கூச்சல் போய்ச்சேர வேண்டிய ஆர்பி அங்கே இல்லை. அதனால் பயாப்சி அறிக்கையில் "பி16 பாசிட்டிவ்" என்று கண்டால், தடுப்புப் புரதம் நிறைய இருக்கிறதே, நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. அது வைரஸ் நுழைந்து வேலை செய்ததன் தடயம். தொண்டைப் புற்றில் குறைந்தது 70 சதவீதக் கட்டிச் செல்களில் அழுத்தமாகச் சாயம் ஏறினால்தான் பாசிட்டிவ் என்பார்கள். ஆனால் அங்கே, புகை, மது சார்ந்த தொண்டைப் புற்றை விட இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகவே மசிகிறது. ஒரே புரதம் கூடினால் ஒரு பொருள், குறைந்தால் ஒரு பொருள், இடத்துக்கு இடம் இன்னொரு பொருள். அறிக்கையைத் தனி வரியாகப் படித்துப் பயப்படுவதும் மகிழ்வதும் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நொதியை அடைக்கும் மாத்திரை

முதல் முயற்சி மும்பையிலிருந்து தொடங்கியது. இந்தியாவில் வளரும், வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து ரோகிட்டுகைன் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதை மாதிரியாக வைத்து மும்பையில் இருந்த ஹெக்ஸ்ட் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகம் ஃபிளாவோபிரிடால் என்ற மூலக்கூறை உருவாக்கியது. மனிதரில் சோதிக்கப்பட்ட முதல் சிடிகே தடுப்பு மருந்து அதுதான். 1990-களில் பெரிய எதிர்பார்ப்போடு சோதனைகள் நடந்தன, ஆனால் பரவலான சிகிச்சையாக அது நிலைபெறவில்லை. காரணம், அது எல்லாச் சிடிகே-க்களையும் அடைத்தது. மரபணுவைப் படிக்கும் சிடிகே9-உம் அதில் மாட்டியது. நல்ல செல்லும் கெட்ட செல்லும் ஒருசேர அடிபட்டன.

தேவைப்பட்டது சிடிகே4, சிடிகே6 இரண்டை மட்டும் அடைக்கும் பொருள். அது நடக்கக்கூடியதா என்பதற்குத் துணிவு கொடுத்தது எலிகளில் நடந்த ஆய்வு. சிடிகே4 இல்லாமல் பிறந்த எலிகள் சிறுத்திருந்தன, சர்க்கரை நோய் வந்தது, ஆனாலும் உயிர் வாழ்ந்தன. 2001-இல் பீட்டர் சிசின்ஸ்கியின் குழு, சைக்ளின் டி1 இல்லாத எலிகளுக்குச் சில புற்று மரபணுக்களால் மார்பகப் புற்றை வரவழைக்க முடியவில்லை என்று காட்டியது. ஆக, உடம்பு இது இல்லாமலும் சமாளிக்கும், கட்டி சமாளிக்காது. மருந்துக்கு இலக்கு தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை.

பால்போசிக்லிப் அப்படி உருவானது. ஏ.டி.பி. போய் உட்கார வேண்டிய குழிக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்பேட் கிடைக்காமல் நொதி கை கட்டி நிற்கும். எந்தப் புற்றுக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு 2009-இல் ரிச்சர்ட் ஃபின், டென்னிஸ் ஸ்லாமன் குழு விடை தந்தது. 47 வகை மார்பகச் செல்களில் சோதித்தபோது, மிக எளிதாக அடங்கியவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் சேதியை வாங்கும் புரதம்) உள்ள செல்கள். காரணம் முன்பே பார்த்ததுதான்: அந்தச் செல்கள் ஈஸ்ட்ரோஜன், சைக்ளின் டி1, சிடிகே4 என்ற ஒரே பாதையை நம்பி இருப்பவை, அவற்றில் ஆர்பி பத்திரமாகவும் இருக்கிறது. மார்பகப் புற்றுகளில் சுமார் 70 சதவீதம், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற வளர்ச்சிச் சேதிப் புரதம் மிகுந்திராத வகை.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலோமா-2 என்ற சோதனையில், நோய் பரவிய 666 பெண்களில் லெட்ரோசோல் என்ற ஈஸ்ட்ரோஜன் குறைப்பு மருந்தை மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க எடுத்த இடைநிலைக் காலம் 14.5 மாதம், பால்போசிக்லிப்பும் சேர்ந்தவர்களுக்கு 24.8 மாதம். 2017-இல் அதே வகை மருந்துகளான ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப் இரண்டும் வந்தன. இந்தியாவில் 2023 ஜனவரியில் பால்போசிக்லிப்பின் காப்புரிமை முடிந்தபின் பல உள்ளூர் நிறுவனங்கள் அதைத் தயாரிக்க, விலை வெகுவாக இறங்கியது.

லெட்ரோசோல் ஏன் சேர்க்க வேண்டும்? அது ஈஸ்ட்ரோஜன் தயாரிப்பைக் குறைத்துச் சைக்ளின் டி வரத்தைக் கட்டுப்படுத்துகிறது. பால்போசிக்லிப் நொதியை அடைக்கிறது. ஒரே குழாயை இரண்டு இடத்தில் மூடுவதுதான் இது. ஒன்றை மட்டும் மூடினால் செல் மற்றதன் வழியே சுற்றிக்கொண்டு வர வழி தேடும்.

எடுத்துக்கொள்ளும் முறை

பால்போசிக்லிப் வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 125 மி.கி., 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்த வேண்டும். 28 நாள் சேர்ந்தது ஒரு "சைக்கிள்". இது மருந்துக் கணக்குச் சைக்கிள். செல் சுழற்சியோடு இதற்குச் சம்பந்தமில்லை, பெயர்க் குழப்பம் மட்டுமே. லெட்ரோசோலுக்கு இந்த இடைவெளி கிடையாது, அது தினமும் தொடரும். ஏழு நாள் விடுமுறையில் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வாந்தி எடுத்தாலோ மறந்துவிட்டாலோ அன்றைக்கு இன்னொரு மாத்திரை போடக் கூடாது, மறுநாள் வழக்கம்போல ஒன்று போதும். கேப்சூல் வடிவம் என்றால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

அந்த 7 நாள் விடுமுறை ரத்தத்துக்காக. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கும் மஜ்ஜைச் செல்கள் சிடிகே6-ஐ நம்பி இருப்பவை. மருந்து அவற்றையும் நிறுத்திவைக்கிறது. பலோமா-2-இல் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 1000-க்குக் கீழே இறங்கியது. கீமோதெரபியில் இந்த எண்ணைப் பார்த்தால் மருத்துவர் பதறுவார். இங்கே காய்ச்சலோடு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. கீமோ மஜ்ஜைச் செல்லைக் கொல்கிறது. இந்த மருந்து அதைத் தூங்கவைக்கிறது, நிறுத்தியதும் எழுந்துகொள்ளும். இருந்தாலும் கண்காணிப்பு வேண்டும். தொடங்குமுன் ஒருமுறை, முதல் இரண்டு சுற்றிலும் முதல் நாளும் 15-வது நாளும், பிறகு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முழு ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, 1000-ஐத் தொட்டபின் 100 மி.கி. ஆகக் குறைத்துத் தொடங்குவார்கள். அதற்கும் கீழே 75. காய்ச்சல் வந்தால் எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அபெமாசிக்லிப் சிடிகே6-ஐ விடச் சிடிகே4-ஐயே அதிகம் குறிவைக்கிறது. அதனால் வெள்ளணு அவ்வளவாக இறங்காது, விடுமுறை தேவையில்லை, 150 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை. பதிலுக்குக் குடல் தொந்தரவு செய்யும். முதல் வாரத்திலேயே வயிற்றுப்போக்கு தொடங்குவது சகஜம், அதற்கான மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் கூடும். சிறுநீரகக் குழாயில் கிரியேட்டினினை வெளியேற்றும் வாசலை இந்த மருந்து அடைப்பதால் வரும் ஏற்றம் அது, சிறுநீரகம் பழுதானதன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை. விவரம் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான். ரைபோசிக்லிப்புக்கு இதயத்தின் மின்துடிப்பை நீட்டும் பழக்கம் உண்டு, அதனால் தொடக்கத்திலும் 14-வது நாளிலும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.

மூன்றுமே கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் சிதைக்கப்படுபவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு அந்த நொதி வேகமெடுத்துவிடும், மருந்து போதாமல் போகும். கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், கிரேப்ஃப்ரூட் பழம் போன்றவை அதை மந்தமாக்கும், மருந்து அளவுக்கு மீறித் தேங்கும். சளிக்கு, படைக்கு என்று பக்கத்து மருந்துக் கடையில் வாங்குவதற்கு முன் இந்தப் பட்டியலைக் காட்டிவிடுவது நல்லது.

எப்போது பலிக்காது

சைக்ளின் டி1 மிகுந்த கட்டிக்கும் பி16 இழந்த கட்டிக்கும்தான் மருந்து நன்றாகக் கேட்கும் என்று தர்க்கப்படி எதிர்பார்த்தார்கள். பலோமா-1 சோதனையில் அந்த அடையாளம் உள்ளவர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்தும் பார்த்தார்கள், கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இன்றுவரை மருந்து கொடுக்கலாமா என்று முடிவுசெய்ய நம்பகமாக உதவுவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்ற பழைய சோதனைதான். அழகான தர்க்கம் எல்லாம் கட்டிக்குள் செல்லுபடியாவதில்லை.

ஆனால் எதிர்ப்பக்கத் தர்க்கம் கறாராக வேலை செய்கிறது. ஆர்பி இல்லாவிட்டால் மருந்துக்கு வேலையே இல்லை. மூடுவதற்குக் கதவில்லாதபோது கதவு திறப்பவரைக் கட்டிப்போட்டு என்ன பயன்? மருந்து தொடங்கும்போது அடங்கிய கட்டி ஓரிரு ஆண்டில் மறுபடி வளர்வதற்கான காரணங்களில் ஒன்று, ஆர்பி இழந்த செல்கள் மட்டும் தப்பித்துப் பெருகுவது. சைக்ளின் இ-யைப் பெருக்கிச் சிடிகே2 வழியாகக் குறுக்கே நுழையும் கட்டிகளும், சிடிகே6-ஐ மருந்துக்கு அடங்காத அளவு தயாரிக்கும் கட்டிகளும் உண்டு.

இந்தக் குறையையே ஒரு மருந்து தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. சிறு செல் நுரையீரல் புற்றில் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் ஆர்பி கிடையாது. அதற்குக் கீமோதான் கொடுத்தாக வேண்டும், கீமோ மஜ்ஜையையும் அழிக்கும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரைலாசிக்லிப், கீமோ ஏற்றுவதற்கு முந்தைய 4 மணி நேரத்துக்குள் 30 நிமிட டிரிப்பாகக் கொடுக்கப்படுகிறது. அளவு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 240 மி.கி. மஜ்ஜைச் செல்களில் ஆர்பி இருக்கிறது, எனவே அவை ஜி1-இல் நின்றுவிடுகின்றன. கட்டிச் செல்களில் ஆர்பி இல்லை, அவை நிற்பதில்லை. பிரியும் செல்லைத் தேடி அடிக்கும் கீமோ உள்ளே வரும்போது, பிரிந்துகொண்டிருப்பது கட்டி மட்டுமே.